கூப்பனுக்குள் இருக்கும் கூலி

கிணற்றடிதான் எங்கள் வேட்டைக்காடு. வெள்ளிக்கிழமை காலையில் தெருப் பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டுப் போன பிறகு, துவைகல் இடுக்கிலும் கனகாம்பரச் செடியடியிலும் கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகள் கிடக்கும். ஓரத்தில் நுரை காய்ந்துபோய் ஒட்டியிருக்கும். தண்ணீரில் அலசி, பாவாடையில் துடைத்து, நோட்டுக்குள் வைத்துத் தட்டையாக்குவோம். ஐந்து சேர்ந்ததும் கடைக்கு ஓட்டம். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணிவிட்டு, தொங்கும் சரத்திலிருந்து புதுப் பாக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, வீட்டுக்கு நானும் ஏதோ சம்பாதித்துக் கொடுத்துவிட்ட நினைப்பு வரும். 1980களில் தென்னாற்காடு மாவட்டத்தில் வளர்ந்த பலருக்கு இது நினைவிருக்கும்.

அந்த நினைப்பு சரியானதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அது சம்பாத்தியமேதான். கூப்பன் என்பதைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதைத்தான். தள்ளுபடி என்று நாம் அழைப்பது பெரும்பாலும் ஒரு வேலைக்கான கூலி. வேலையைச் செய்பவர் வீட்டு மனுஷி. எவ்வளவு நேரம், எவ்வளவு கூலி, அந்தக் கூலியை யார் தருகிறார்கள் என்று கணக்குப் பார்க்காமல் கூப்பனால் மிச்சம் பிடித்தோம் என்று சொல்வது அரைக் கணக்கு.

அந்தக் காலிப் பாக்கெட் திட்டத்துக்குப் பின்னால் கடலூர்க் கதை ஒன்று இருக்கிறது. கடலூர் சின்னி கிருஷ்ணன், கூலிக்காரரும் வாங்கிப் பயன்படுத்தும் அளவில் பொருள்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்க வேண்டும் என்று நம்பியவர். அவருக்குப் பின் அவருடைய மகன்கள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே பிரிந்து 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். பின்னாளில் கெவின்கேர் ஆன நிறுவனம் அது. எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி, காலியாக ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்று முதலில் அறிவித்தார்கள். ஜனங்கள் சிக்குக்குப் பழகிய பிறகு விதி மாறியது: ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும். விற்பனை பல மடங்கு ஏறியது. விளம்பரத்துக்குப் பெரும் பணம் இல்லாத ஒரு சிறு நிறுவனம், போட்டியாளரின் குப்பையையே தன் கூப்பனாக்கிக்கொண்டது. வியாபார புத்தியில் இதற்கு இணையாக அதிகம் சொல்ல முடியாது. கிணற்றடியில் குனிந்து பொறுக்கிய குழந்தைகளும் அந்த ஏற்பாட்டில் ஓர் அங்கம்.

கூப்பன் என்ற சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் வெட்டியெடுத்த துண்டு என்று பொருள். முதலில் அது பணக்காரர்கள் வீட்டுக் காகிதம். கடன் பத்திரத்தோடு சேர்த்து அச்சிட்ட சிறு சீட்டுகளைத் தவணைதோறும் கத்தரித்துக் கொடுத்து வட்டி வாங்குவார்கள்; பத்திரத்தின் வட்டியைக் கூப்பன் என்று சொல்லும் வழக்கம் இன்றும் நிதிச் சந்தையில் உண்டு. மளிகைச் சாமானுக்கு அந்தச் சொல் வந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவில். அட்லாண்டாவின் ஆசா கேண்ட்லர், கோகோ கோலாவை ஜனங்களின் நாக்குக்குப் பழக்க, ஒரு கிளாஸ் இலவசம் என்ற சீட்டுகளைக் கொடுத்தார். 1894க்கும் 1913க்கும் இடையில் சுமார் 85 லட்சம் கிளாஸ் இப்படி இலவசமாகப் போனதாகக் கணக்குச் சொல்கிறார்கள். 1896இல் தொடங்கிய ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் நிறுவனம் வேறொரு வழி கண்டது. கடையில் வாங்கும் தொகைக்கு ஏற்பப் பச்சை நிற முத்திரைகள் கொடுப்பார்கள். அவற்றை எச்சில் தொட்டுப் புத்தகத்தில் ஒட்டி, புத்தகம் நிரம்பினால் பாத்திரமோ மேசை விளக்கோ வாங்கிக்கொள்ளலாம். 1960களில் சமையலறை இழுப்பறையில் இந்தப் புத்தகம் இல்லாத அமெரிக்க வீடு குறைவு.

அமெரிக்கக் கூப்பன் ஒன்றைக் கையில் எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இதன் ரொக்க மதிப்பு ஒரு சென்டில் நூறில் ஒரு பங்கு. முத்திரை, கூப்பன் என்று ஆசை காட்டி ஏமாற்றுவதைத் தடுக்க, அவற்றுக்கு ரொக்க மதிப்பு ஒன்று அச்சிட்டாக வேண்டும் என்று சில மாநிலங்கள் பழைய காலத்தில் சட்டம் போட்டன. கம்பெனிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, முடிந்த அளவு சிறிய எண்ணை அச்சிட்டன. மேலே பெரிய எழுத்தில் 1 டாலர் மிச்சம். அடியில் நூறு சீட்டு சேர்த்தால் 1 சென்ட். இரண்டும் ஒரே காகிதத்தில்.

ஒரு பொருளின் விலையை 10 ரூபாய் குறைக்க வேண்டுமென்றால் குறைத்துவிட்டுப் போகலாம். காகிதம் அச்சிட்டு, பேப்பரில் செருகி, மக்களைக் கத்தரிக்க வைத்து, கடைக்காரரிடமிருந்து சீட்டைத் திரும்ப வாங்கி எண்ணி, அவருக்குப் பணம் கொடுத்து, இத்தனை பாடு எதற்கு? பொருளியலாளர்கள் இதற்குச் சொல்லும் விடை நம் சந்தைக்குப் போய்வந்த யாருக்கும் புரியும். பேரம் பேசும் சந்தையில் வியாபாரி ஆளைப் பார்த்து விலை சொல்வார். காரில் வந்து இறங்குபவருக்கு ஒரு விலை; நான்கு கடை ஏறி இறங்கி வருபவருக்கு ஒரு விலை. விலை ஒட்டிய பாக்கெட்டை அலமாரியிலிருந்து நாமே எடுக்கும் கடையில் அது முடியாது. யார் 10 ரூபாய்க்காகக் கடை மாறுவார், யார் மாறமாட்டார் என்று கம்பெனிக்குத் தெரியாது. கூப்பன் அதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. 10 ரூபாய்க்காக மெனக்கெடுபவர் தானாகவே முன்வந்து தன்னைக் காட்டிக்கொள்கிறார். அவருக்குக் குறைந்த விலை, மற்றவருக்கு முழு விலை. ஆர்தர் பிகூ 1920இல் விவரித்த விலைப் பாகுபாட்டின் ஒரு வகை இது. கூப்பனுக்கு அதைப் பொருத்தி 1984இல் 'மார்க்கெட்டிங் சயின்ஸ்' இதழில் விளக்கியவர் சக்கரவர்த்தி நரசிம்மன்.

இந்த விளக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூப்பனில் உள்ள தொல்லை தற்செயலானதில்லை. தேடுவது, கத்தரிப்பது, தேதியை நினைவு வைப்பது, சரியான அளவுப் பாக்கெட்டைத் தேர்வது, எல்லாம் வேண்டுமென்றே விட்டுவைத்தவை. தொல்லை இல்லாவிட்டால் எல்லோரும் பயன்படுத்திவிடுவார்கள். பிறகு பாகுபாட்டுக்கு வழியில்லை. 2010இல் அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களுக்காக அச்சாகி வெளிவந்த கூப்பன்கள் சுமார் 33,200 கோடி. கடைக்குத் திரும்பியவை சுமார் 330 கோடி. நூற்றுக்கு ஒன்று. பொருளாதார மந்தத்தில் வீடுகள் தவித்துக்கொண்டிருந்த ஆண்டு அது, அப்போதும் இவ்வளவுதான். மீதி 99ஐயும் தோல்வி என்று நினைத்துவிடக் கூடாது. ராஜ்குமார் வெங்கடேசனும் பால் ஃபாரிஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடை அனுப்பிய கூப்பனைப் பயன்படுத்தாத வாடிக்கையாளர்களிடமும் விற்பனை கூடியதைக் கண்டார்கள். சீட்டு கண்ணில் பட்டதே விளம்பரமாக வேலை செய்துவிடுகிறது.

நேரத்துக்கும் விலைக்கும் உள்ள உறவை எண்ணால் காட்டியவர்கள் மார்க் அகியாரும் எரிக் ஹர்ஸ்டும். 1990களின் நடுவில் டென்வர் நகரத்து வீடுகள் வாங்கிய ஒவ்வொரு பொருளின் விலையையும் எடுத்து ஆராய்ந்து, 2007இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ'வில் எழுதினார்கள். ஒரு வீடு கடைக்குப் போகும் தடவைகள் இரட்டிப்பானால், அதே பொருளுக்குக் கொடுக்கும் விலை 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நடுவயதுக்காரர்கள் மிக அதிக விலை கொடுக்கிறார்கள். ஓய்வுபெற்ற முதியவர்கள் மிகக் குறைவாகக் கொடுக்கிறார்கள். ஒரே நகரம், ஒரே சரக்கு. கையில் நேரம் உள்ளவருக்கு ஒரு விலை, இல்லாதவருக்கு ஒரு விலை. எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கும் தாத்தாக்கள் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று கடை பார்த்துவிட்டு வருவது கஞ்சத்தனம் என்று பேசப்படும். அவர்கள் செய்வது வேலை, அதற்கு வரும்படியும் இருக்கிறது.

கம்பெனிக்கே இந்தப் பாடு பொறுக்க முடியாமல் போன ஒரு சமயம் உண்டு. 1996இன் தொடக்கத்தில் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ் ஆகிய நகரங்களை உள்ளடக்கிய பகுதியில் கூப்பனையே நிறுத்திப் பார்த்தது. 18 மாதச் சோதனை என்று திட்டம். நூற்றுக்கு 2 கூப்பன்தான் திரும்புகிறது, மீதி வீண் செலவு. அந்தப் பணத்தை விலைக் குறைப்பாக எல்லோருக்கும் தந்துவிடலாம் என்பது நிறுவனத்தின் வாதம். கணக்காகப் பார்த்தால் நியாயமான வாதம். நிறுவனத்தைத் தொடர்ந்து வேறு கம்பெனிகளும் அந்தப் பகுதியில் கூப்பனைக் குறைத்தன.

அந்த ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். கையெழுத்து இயக்கம் நடந்தது, பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் போயின, அரசியல்வாதிகள் குரல் கொடுத்தார்கள். கம்பெனிகள் தங்களுக்குள் கூடிப்பேசிக் கூப்பனை ஒழித்தனவா என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரிக்கத் தொடங்கியது. சோதனை பாதியில் நின்றது. 1997இல், தவறேதும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே, புராக்டர் அண்ட் கேம்பிளும் மற்ற நிறுவனங்களும் 42 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. அந்தத் தொகை மக்களுக்குப் போய்ச் சேர்ந்தது கூப்பன்களாகத்தான்.

எல்லோருக்கும் விலை குறைகிறது என்றபோது ஏன் இந்தக் கோபம்? பழக்கம் விடாது, இலவச ஆசை போகாது என்று வியாபார நூல்கள் எழுதுகின்றன. எனக்கு அது போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரைப் பரப்பிவைத்துக் கத்தரிக்கோலோடு உட்காரும் ஒரு பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். உறைகளில் வகை பிரித்து, தேதி பார்த்து, வாரம் 15 டாலர் வீட்டுக்கு மிச்சம் பிடிக்கிறார். அவருடைய உழைப்பு கண்ணுக்குத் தெரியும் ஒரே இடம் அந்தப் பில். கம்பெனி கூப்பனை நிறுத்தியபோது அவர் பிடித்த 15 டாலரை எடுத்து ஊர் முழுவதற்கும் பங்கிட்டுவிட்டது. பங்கிட்டதில் தவறில்லை. ஆனால் அவர் இழந்தது ஒரு வேலை, வேலை போனவரின் கோபம்தான் அவருக்கும் வந்தது.

ஜே.சி. பென்னி என்ற பழைய துணிக்கடை நிறுவனத்திலும் இது நடந்தது. ஆப்பிளிலிருந்து வந்த ரான் ஜான்சன் 2012 பிப்ரவரியில் கூப்பன்களை விட்டுவிட்டு நேரான விலைக்கு மாறினார். அந்த ஆண்டு விற்பனை 25 சதவீதம் விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் போனார், கூப்பன் திரும்பி வந்தது.

ராச்செஸ்டர் நகரத்துக்குக் கூப்பன் வரலாற்றில் இன்னோர் இடமும் உண்டு. அமெரிக்க அரசின் உணவு முத்திரைத் திட்டம் 1939 மே 16 அன்று அங்கேதான் தொடங்கியது. நிவாரணம் பெறும் குடும்பம் 1 டாலருக்கு ஆரஞ்சு நிற முத்திரை வாங்கினால், 50 சென்ட் மதிப்புள்ள நீல முத்திரை சேர்த்துக் கிடைக்கும். நீலத்தைக் கொண்டு, விவசாயிகளிடம் தேங்கிக் கிடந்ததாக அரசு அறிவித்த உணவுப்பொருள்களை வாங்கலாம். இதுவும் காகிதத் துண்டு. இதுவும் விலையைக் குறைப்பதுதான். ஆனால் இது யாரையும் ஆழம் பார்ப்பதில்லை. யாருக்கு உரியது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

இலங்கைத் தமிழருக்குக் கூப்பன் என்றாலே இந்த இரண்டாவது பொருள்தான் முதலில் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய பங்கீட்டு முறையில் கூப்பன் புத்தகம், கூப்பன் அரிசி, கூப்பன் கடை என்று சொற்கள் ஊன்றிப்போயின. 1953இல் அரசு மானியத்தை வெட்டி, கூப்பன் அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடு ஸ்தம்பித்தது. ஹர்த்தால் என்று வரலாற்றில் நின்றுவிட்ட நாள் அது. பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த ஆண்டே பதவி விலகினார். ஒரு கூப்பனின் மதிப்பு குறைந்ததற்கு மக்கள் தெருவுக்கு வந்து, ஓர் ஆட்சித் தலைவர் போன சம்பவம் உலகத்தில் அதிகம் இருக்காது. பஃபலோவில் நடந்ததையும் இதையும் நான் ஒன்றாக்கவில்லை. அங்கே சோப்புத்தூள், இங்கே சோறு. இரண்டு இடத்திலும் மக்கள் அந்தக் காகிதத்தைத் தங்களுக்கு உரியது என்று எண்ணியிருந்தார்கள்.

நம் ஊரில் கத்தரிக்கோல் கூப்பன் பெரிதாக வேரூன்றவே இல்லை. அதற்குப் பதிலாக எம்.ஆர்.பி. வந்தது. எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச சில்லறை விலையைப் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மேல் விற்பது குற்றம். வாங்குபவரைக் காக்க வந்த நல்ல விதி. ஆனால் அந்த எண்ணை அச்சிடுபவர் உற்பத்தியாளர். அது உச்சவரம்பு மட்டுமே, பொருளின் சரியான விலை அதுதான் என்று யாரும் எங்கும் சொல்லவில்லை. இன்று சூப்பர் மார்க்கெட் பில்லின் கடைசியில் "இன்று நீங்கள் சேமித்தது" என்று தடித்த எழுத்தில் வரும் தொகை அந்த உச்சவரம்பிலிருந்து எண்ணப்படுவது.

சென்ற மாதம் எங்கள் வீட்டு மளிகைப் பில் ஒன்றை எடுத்துவைத்து அம்மாவும் நானும் வரி வரியாகப் பார்த்தோம். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. கட்டியது 2,430 ரூபாய்; சேமித்தது 412 என்று போட்டிருந்தது. அம்மா கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு, "அந்த நானூத்திப் பன்னெண்டு இப்ப எங்கடி இருக்கு?" என்று கேட்டார்.

தேடினோம். லிஸ்டில் எழுதிக்கொண்டு போன சாமான்கள் மொத்தம் 2,265 ரூபாய்தான். போனில் ஒரு கூப்பன் இருந்தது: 2,500க்கு மேல் வாங்கினால் 100 ரூபாய் கழிவு. பில் போடும் இடத்துக்கு வந்தபின் திரும்பிப் போய் ஒரு ஜூஸ் பாட்டிலும் ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்தேன், 265 ரூபாய். மொத்தம் 2,530. நூறு கழிந்து 2,430. அதாவது நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க 165 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்கிறேன். 412இல் மீதமுள்ள 312 எம்.ஆர்.பி.யிலிருந்து குறைந்தது. அதில் 38 இந்த ஜூஸுக்கும் பிஸ்கட்டுக்கும் உரியது. பாக்கி 274. அதே சாமான்களை எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் வாங்கினால் அவரும் எம்.ஆர்.பி.யில் குறைத்துத்தான் தருகிறார்; விசாரித்தேன், 190 ரூபாய் குறைந்திருக்கும். ஆக, அந்தப் பெரிய கடைக்குப் போனதில் நிஜமாகக் கிடைத்த லாபம் 84 ரூபாய். கூப்பனுக்காகக் கூடுதலாகக் கொடுத்தது 165. வீட்டை விட்டு 81 ரூபாய் அதிகமாக வெளியே போயிருக்கிறது; போகவர ஆன நேரம் தனி. ஜூஸையும் பிஸ்கட்டையும் வீட்டில் சாப்பிட்டோம், வீணாகவில்லை. ஆனால் அவை நாங்கள் கேட்டு வாங்கியவை அல்ல.

நான் திரும்பிப் போய் எடுத்ததில் என் பலவீனம் கொஞ்சம். மீதி அந்தக் கூப்பன் அமைந்திருக்கும் விதம். கடைக்குள் எதிர்பாராமல் கையில் கிடைக்கும் கூப்பன், லிஸ்டில் இல்லாத பொருள்களை அதிகம் வாங்கவைக்கிறது என்று ஹைல்மன், நகமோட்டோ, ராவ் மூவரும் 2002இல் காட்டியிருக்கிறார்கள். கூப்பனுக்குக் காலக்கெடு போட்டால், கெடு முடியும் தறுவாயில் பயன்பாடு மறுபடி ஏறுகிறது என்று இன்மனும் மெக்காலிஸ்டரும் 1994இலேயே கண்டார்கள். இழந்துவிடுவோமோ என்ற பதற்றம் வேலை செய்கிறது. போனில் கடிகாரம் ஓடவிட்டு "இன்னும் 9 நிமிடம்" என்று காட்டுவது அந்தப் பழைய கெடுவின் கூர்மையான வடிவம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகள் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், விலையைத் துளித்துளியாகக் காட்டிக் கடைசியில் ஏற்றுவதும் அதில் உண்டு. விதி இருப்பது பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

கூப்பன் எந்தப் பொருளுக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கத்தரிக்காய்க்கு வராது. இட்லி அரிசிக்கு அபூர்வம். பிராண்டு ஒட்டிய, லாப விகிதம் பெருத்த சரக்குக்குத்தான் வரும்: பிஸ்கட், நூடுல்ஸ், குளிர்பானம், ஷாம்பு, சலவைத்தூள். 2023-24ஆம் ஆண்டின் தேசிய வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, பானங்களும் சிற்றுண்டியும் பதப்படுத்திய உணவும் சேர்ந்து நகர்ப்புறக் குடும்பச் செலவில் 11 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. கிராமத்திலும் 10 சதவீதத்தை நெருங்குகின்றன. உணவுக்கான செலவுக்குள் மிகப் பெரிய பங்கு இப்போது இதற்குத்தான். கூப்பன் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். கூப்பனைப் பின்தொடர்ந்து போகும் வீடு இந்தப் பக்கமாகத்தான் போய்ச் சேரும்.

அப்படியானால் கூப்பனே வேண்டாமா? வேண்டும்தான். லிஸ்டில் ஏற்கெனவே எழுதிய பொருளுக்கு, எப்போதும் வாங்கும் அளவுக்கு, குறைந்தபட்சத் தொகை என்ற நிபந்தனை இல்லாமல் வரும் கூப்பன் நல்ல காசு, விடக் கூடாது. அதை எடைபோட நம் கையில் ஒரு நல்ல கருவியும் வந்திருக்கிறது. பாக்கெட்டின் மேல் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் இப்போது கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று அலகு விலையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஒரு கிலோவுக்கு உட்பட்டதென்றால் கிராம் கணக்கு. மேற்பட்டதென்றால் கிலோ கணக்கு. 150 கிராம் பற்பசை 102 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 68 காசு. பக்கத்தில் 200 கிராம் குடும்பப் பாக்கெட், 145 ரூபாய், 5 ரூபாய் கூப்பனோடு 140. கிராமுக்கு 70 காசு. கூப்பன் இல்லாத சின்னதுதான் மலிவு. ஷாம்புவில் இன்னும் வியப்பு: பல நேரங்களில் பாட்டிலைவிடப் பாக்கெட்டே மில்லிக்கு மலிவாக இருக்கும். சின்னி கிருஷ்ணன் நினைத்தது அந்த ஒரு பொருளிலாவது நிலைத்துவிட்டது.

நான் பார்த்த ஏற்பாடுகளில் மனதுக்குப் பிடித்தது ஆவின் மாத அட்டை. 2022 நவம்பர் 5 முதல் ஆரஞ்சு பாக்கெட் நிறைகொழுப்புப் பாலின் சில்லறை விலை லிட்டருக்கு 60 ரூபாயானது. அட்டைதாரருக்கு 46 ரூபாயாகவே நின்றது. ஒரே பாலுக்கு இரண்டு விலை, லிட்டருக்கு 14 ரூபாய் வித்தியாசம். தினம் அரை லிட்டர் வாங்கும் வீட்டுக்கு 30 நாளில் 210 ரூபாய். இதுவும் விலைப் பாகுபாடுதான். மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது இதிலுள்ள தொல்லை. அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு அது பெரிய தடை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கடிகாரம் ஓடுவதில்லை, பிஸ்கட்டைச் சேர்க்கச் சொல்வதில்லை, எவ்வளவு மிச்சம் என்பதை ஒன்றாம் தேதியே விரல் விட்டுச் சொல்லலாம். மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்றால் வேலை முடிந்தது.

நேரத்தைப் பற்றி ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டிருக்கிறார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் இது 289, 88. எங்கே எண்ணெய் மலிவு, எந்த ஆப்பில் இன்று ஆஃபர், எந்தக் கூப்பன் நாளையோடு முடிகிறது என்று மனதுக்குள் ஓடும் கணக்கு இந்த நிமிடங்களுக்குள் எவ்வளவு அடங்கும் என்று எனக்குச் சந்தேகம். உலை கொதிக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் அதற்கு வேலை என்று பெயர் இல்லை. "சும்மா போனைப் பாத்துக்கிட்டு இருக்கா" என்று பெயர்.

அந்த வேலையைச் செய்யக் கருவியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். காகிதக் கூப்பனுக்குக் கத்தரிக்கோல் போதும். காலிப் பாக்கெட் திட்டத்துக்குக் கிணற்றடி போதும். இப்போது ஸ்மார்ட்போன் வேண்டும், அதில் இடம் வேண்டும், ஓ.டி.பி. வேண்டும், நம் பெயரும் பிறந்த நாளும் போன் நம்பரும் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கொடுக்கும் முழு விலையிலிருந்துதான் கூப்பன்காரரின் கழிவு வருகிறது என்றால், அந்தக் கழிவில் ஒரு பங்கைக் கட்டுவது போன் இல்லாத வீடு.

அதே பில் போட்ட அன்று எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் எழுபது வயதிருக்கும் ஓர் ஆயா. ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட், ஒரு சலவை சோப்பு, இரண்டு சரம் ஷாம்பு. பில் போடும் பையன், "நம்பர் சொல்லுங்க ஆயா" என்றான்.

"எந்த நம்பருப்பா?"

"போன் நம்பர். இருந்தா எண்ணெய்க்குப் பன்னெண்டு ரூவா கொறையும்."

"எங்கிட்ட போனு ஏது சாமி?"

பையன் ஒரு நொடி திரையைப் பார்த்தான். பிறகு மேற்பார்வையாளர் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் பத்து எண்களைத் தட்டினான். மெஷின் பில்லைத் துப்பியது. "குறைஞ்சிடுச்சு ஆயா" என்று சொல்லி மீதியைக் கொடுத்தான். ஆயா இரண்டு ஐந்து ரூபாயையும் இரண்டு ஒரு ரூபாயையும் தனியே எடுத்து முந்தானை முடிச்சில் வைத்துக் கட்டினார். அந்த நம்பர் யாருடையது என்று நான் கேட்கவில்லை.